என் டிஸ்க்கை எனக்கே விற்றுவிட்டார்கள்: 3,20,000 கியாட் போச்சு

முந்தாநாள் ராத்திரி லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. யங்கூனில் இருக்கும் நம்ம ஆட்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது ஏழாம் தலைமுறை இன்டெல் லேப்டாப். பருப்பு மண்டிக் கணக்கெல்லாம் அதில்தான். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இந்தத் தலைமுறை அதிகாரபூர்வமாகச் சேராது. சரி, இலவச லினக்ஸ் வகையான டெபியன் 13 போடலாம் என்று பென்டிரைவில் எடுத்து ஆரம்பித்தேன். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பென்டிரைவ் மட்டும் தெரிகிறது, உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் காணோம். விண்டோஸ் மட்டும் அதே டிஸ்க்கிலிருந்து ஜம்மென்று ஓடுகிறது! டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் கன்ட்ரோலருக்கான மென்பொருள், அதாவது டிரைவர், இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நிறுவும்போது அதே லேப்டாப்பில் இன்னொரு பக்கமாகத் திறந்த பதிவுத் திரையில் ஓடிய வரிகளை மட்டும் போனில் படம் பிடித்து வைத்தேன். அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்த காரியம்.

அனவ்ரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. வேலை பார்க்கிற பையன் நெற்றி நிறைய விபூதி. நான் பர்மியில் ஆரம்பித்தேன், அவன் தமிழில் பதில் சொன்னான். அங்கேயே விழுந்துவிட்டேன். "அண்ணே, கன்ட்ரோலருக்கு டிரைவர் காசு கொடுத்து வாங்கணும். டிஸ்க்கும் சாகப் போற நிலைமை. நம்ம ஆளுங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?" என்றான். லாப்பெயே (பர்மியப் பால் டீ) கூட வாங்கிக் கொடுத்தான். புது டிஸ்க் 2,40,000, டிரைவர் 50,000, கூலி 30,000. மொத்தம் 3,20,000 கியாட். பேரம் பேசக்கூட வெட்கப்பட்டு எண்ணி வைத்தேன். பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு, "அது செத்துப்போச்சுண்ணே, குப்பையில போட்டாச்சு" என்றான். மகளின் காதுகுத்துப் படங்கள், பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலில் எடுத்தவை, அதில்தான் இருந்தன. மண்டிக் கணக்குக்கு வேறு நகல் இருந்தது. படங்களுக்கு இல்லை.

டெபியன் நன்றாகத்தான் ஓடியது. ஒன்பதாம் நாள், டிஸ்க்கின் நிலைமையையும் ஓடிய நேரத்தையும் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். புது டிஸ்க் 5,200 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறதாம்! மூடியைக் கழற்றினேன். இரண்டு வருஷம் முன்னால் அந்த டிஸ்க்கை மாட்டியபோது, ஸ்டிக்கர் ஓரத்தில் நீல மார்க்கரால் பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். அதே "உ", வால் கொஞ்சம் கலைந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மோலமியனில் இருக்கும் மருமகனுக்குப் போன் படத்தை அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் கூப்பிட்டான். "மாமா, இதிலேயே எழுதியிருக்கே. என்விஎம்இ டிஸ்க் ஒண்ணு மறைஞ்சிருக்கு, பயோஸில் ரெய்டை ஏஹெச்சிஐக்கு மாத்துன்னு." விஷயம் இதுதான்: பயோஸ் என்பது லேப்டாப் எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல், என்விஎம்இ என்பது வேகமான டிஸ்க் வகை. டிஸ்க்கைக் கையாள பயோஸில் ரெய்டு, ஏஹெச்சிஐ என்று இரண்டு முறை இருக்கும். அது இன்டெல் ஆர்எஸ்டி ரெய்டு முறையில் இருந்தால் சில லேப்டாப்களில் என்விஎம்இ டிஸ்க், சாட்டா என்ற பழைய வகை டிஸ்க்குக்கான கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். லினக்ஸுக்கு என்விஎம்இ டிரைவர் தெரியும், டிஸ்க்தான் கண்ணில் படாது. ஏஹெச்சிஐக்கு மாற்றினால் அதுவே தெரியும். காசு கொடுத்து வாங்க டிரைவர் என்று ஒன்றே கிடையாது. பயோஸில் ஒரே ஒரு அமைப்பை மாற்றி, என் டிஸ்க்கையே அழித்து, எனக்கே விற்றிருக்கிறார்கள். 3,20,000!

போன் பண்ணினால் "சாயந்திரம் பேசுறேண்ணே". சாயந்திரம் "கரண்ட் இல்லண்ணே". மெசேஜைப் பார்த்ததற்கு அடையாளம் வருகிறது, பதில் வரவில்லை. இன்று காலை நேரில் போனேன். முதலாளி ஊரில் இல்லையாம். தமிழில் கேட்டேன், அதே பையன் பர்மியில் பதில் சொன்னான். "ஸயா (ஐயா), ரசீது இருக்கா?" கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச்சீட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. "உ" போட்ட டிஸ்க்கைக் காட்டினேன். "எங்க டிஸ்க்லயும் அப்படி எழுதுவோம்" என்கிறான். எந்த மொழியில் எழுதுவாய் என்று கேட்டேன், சிரிக்கிறான்!

இன்னும் ஒரு மணி நேரத்தில் கரண்ட் போய்விடும், சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் பயோஸைப் பாருங்கள். விண்டோஸும் வேண்டுமென்றால், அதை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும்பும் முறை) தொடங்கும்படி வைத்துவிட்டு அப்புறம் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள், இல்லையேல் அது எழும்பாது. இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு போட்டிருந்தால் கை வைக்காதீர்கள், உள்ளே உள்ளது போய்விடக்கூடும். கடையில் கொடுக்குமுன் நகல் எடுங்கள், டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் படம் பிடியுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்குங்கள். தமிழ் பேசினான் என்று 3,20,000 கொடுக்காதீர்கள்.

அந்தப் படங்களை மீட்டெடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லேப்டாப்பை அணைத்து வைத்துவிட்டேன்.