ரெண்டு கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த கூலிங்: மூணு ஃபேனா, புளோயரா, தண்ணியா?

எங்கூடு பல்லடத்துக்குப் பக்கம், செவுத்துக்கு அந்தப்பக்கம் சித்தப்பாவோட தறிக்குடோன், பகல் ராத்திரின்னு ஓடிக்கிட்டே இருக்கும், அதனால நான் கூலிங் பத்திப் பேசுனா டிகிரிக்கு முன்னாடி பஞ்சுதான் வரும், கோவிச்சுக்காதீங்க.

மெசின் இதுதான்: ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ரெண்டு, எஸ்எல்ஐல, அதாவது ரெண்டு கார்டையும் கோத்து ஒரே கேம ஓட்டற முறைல. 2017ல வந்த கார்டு, ஒண்ணொண்ணும் 250 வாட். இந்தக் காலத்துல எவன் எஸ்எல்ஐ போடறான்னு கேட்டா நியாயந்தான், கார்டு கம்பெனி என்விடியாவே 2021 ஜனவரியோட, புதுக் கேம் எஸ்எல்ஐல ஓடறதுக்கான புரொபைல் போடறத நிறுத்திட்டாங்க, ஆனா நான் வெளையாடறது பூராம் பழைய கேம், ரெண்டாவது கார்டு சல்லிசா வந்துச்சு, அவ்ளோதான். ரெண்டும் முழுசா ஓடுனா 500 வாட், புராசசரையும் சேத்தா இஸ்திரிப் பெட்டிய அணைக்காம ரூமுக்குள்ள வெச்சுட்டு பக்கத்துல உக்காந்திருக்கற கணக்கு. அந்தச் சூட்ட எந்தக் கூலரும் முழுங்கிறாது, கார்டுல இருந்து எடுத்து வேற எங்கியாவது தள்ளும், எங்க தள்ளுதுங்கறதுலதான் வித்தியாசமே.

மொதல்ல இருந்தது மூணு ஃபேன் வெச்ச தடி கார்டு. ஒத்தக் கார்டா இருந்த வரைக்கும் தங்கம், சத்தமே வராது. அதே மாதிரி இன்னொண்ண வாங்கிக் கீழ சொருகுனேன், கெரகம் புடிச்சுது. மதர்போர்டுல கார்டு சொருகற ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததுக்கும் 20 மில்லிமீட்டர்தான், என்னோடதுல கார்டு போடற ரெண்டு நீட்டு ஸ்லாட்டும் மூணு ஸ்லாட் தள்ளி இருக்கு, ரெண்டு ஸ்லாட் தடிமன் கார்டுன்னா நடுவுல ரெண்டு செண்டிமீட்டர் சந்து கெடைக்கும், ரெண்டரை ஸ்லாட் கார்டுன்னா சுண்டுவெரல் போறதே கஷ்டம். மேல் கார்டு கீழ் கார்டோட முதுகுச் சூட்டத்தான் இழுத்து மூச்சு விடுது. போதாததுக்கு இந்த வகை கார்டு சூட்ட வெளிய தள்ளாது, கேபினெட்டுக்குள்ளயே நாலாப் பக்கமும் வுட்டுரும். சித்திரை மாசம் மத்தியானம் ரூமே 36 டிகிரி இருக்கறப்ப கீழ் கார்டு 72ல நிக்கும், மேல் கார்டு 84ல போய் ஒட்டிக்கும், 84ங்கறது கம்பெனிலயே வெச்சு அனுப்பற எல்லை, அதத் தொட்டா கார்டு தானா வேகத்தக் கொறைச்சுக்கும். ஒண்ணு கொறைஞ்சா இன்னொண்ணும் காத்துட்டு நிக்கோணும், கேம் வெட்டி வெட்டி ஓடும்.

சரின்னு பக்கத்து மூடியக் கழட்டி வெச்சேன். சூடு எறங்குச்சு, பொய் சொல்லல, ஆனா பத்தே நாள்ல கார்டுச் சூட்ட இழுக்கற ஹீட்சிங்க் தகடு மேல பஞ்சு படிஞ்சு, நகத்துல கிள்ளி இழுத்தா கந்தைத் துணியாட்ட ஒரே ஏடா உரிஞ்சு வருது.

அப்பறம் ரெண்டையும் மாத்தி ஃபவுண்டர்ஸ் எடிஷன் வாங்குனேன், அது புளோயர். ஒரே ஒரு உருளை ஃபேன், கேபினெட்டுக்குள்ள இருந்து காத்த இழுத்து, கார்டுக்குள்ள நீட்டாத் தள்ளி, கேபினெட்டுக்குப் பின்னால நேரா வெளிய ஊதிரும். நம்பர மட்டும் பாத்தா ஏமாந்தாப்புல இருக்கும், ஏன்னா இதுவும் 80க்கு மேலதான் நிக்குது. ஆனா ரெண்டு கார்டுக்கும் வித்தியாசம் மூணு நாலு டிகிரிதான், புராசசரும் எஸ்எஸ்டியும் சூடாகறதில்ல. கார்டு இழுக்கற வாட்டுக்கான எல்லைய, பவர் லிமிட்ட, 80 சதவீதத்துக்கு எறக்கி வெச்சேன், கார்டுக்கு 50 வாட் மிச்சம், கேம்ல எனக்கு வித்தியாசமே தெரியல. சத்தம்? இருக்குங்க, முடி காய வெக்கற டிரையராட்ட கத்தும். தறிக்குடோன் ஒட்டுன ஊட்ல அது யாருக்குக் கேக்குது.

தண்ணிக்கு வருவோம். ஈரோட்ல மாமன் பையன் தண்ணி சுத்தி வர்ற முழு கஸ்டம் லூப் போட்டிருக்கான், ரெண்டு கார்டுக்கும் சூட்டத் தண்ணிக்கு மாத்தற காப்பர் பிளாக், அந்தத் தண்ணிய ஆற வெக்கற 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ரெண்டு, தண்ணியச் சுத்த விடற டி5 பம்பு. கார்டு 50 சொச்சத்துலயே நிக்கும், ஓவர்கிளாக் பண்ணி வேகத்த ஏத்துனாலும் அசையாது, ஃபேன் ஓடறதே தெரியாது. டெம்பரேச்சர வெச்சு மட்டும் மார்க் போட்டா இதுக்குப் பக்கத்துல மத்ததெல்லாம் நிக்கவே முடியாது, ஒத்துக்கறேன். எங்கம்மா அதப் பாத்துட்டு "ஏங்கண்ணு, தண்ணி ஓடுதுன்னா ஏர்கூலராட்ட ரூமெல்லாம் சில்லுனு ஆயிருமா?"ன்னு கேட்டாங்க. ஆகாது, அதே 500 வாட் அதே ரூமுக்குள்ளதான் எறங்குது, ரூம் 38ன்னா தண்ணி அதுக்கும் மேலதான் இருக்கும். அவன் கடைசில அந்த ரூமுக்கு ஏசி போட்டான்.

இதுல இன்னொரு ரோதனை என்னன்னா, சல்லிசா வருதுன்னு அவன் மொதல்ல வாங்குன ரேடியேட்டர் அலுமினியம். காப்பரும் அலுமினியமும் ஒரே தண்ணில கெடந்தா அலுமினியம் அரிச்சுட்டுப் போயிரும். கழட்டிப் பாத்தப்ப பிளாக்கோட மெல்லிசு பள்ளத்துலெல்லாம் வெள்ளையா சேறு. நம்மூரு போர் தண்ணிய ஊத்துனா சொல்லவே வேண்டாம், வாட்டர் ஹீட்டர் காயில்ல உப்பு எப்புடிப் பூத்து நிக்குதுன்னு பாத்திருப்பீங்க, சிறுவாணித் தண்ணின்னாலும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் பாசி புடிக்காத மருந்தும்தான். ஒரு கார்டக் கழட்டோணும்னா மொத்தத் தண்ணியயும் எறக்கோணும், அது ஒரு ஞாயித்துக்கெழம சோலி.

ரெடிமேடா ரேடியேட்டரோட வர்ற கார்டு ரெண்டு போடலாமான்னா, ரெண்டு ரேடியேட்டருக்கும் கேபினெட்ல எடம் இருந்தாப் போடுங்க, பம்பு போச்சுன்னா பிரிச்சுச் சரி பண்றது லேசுல ஆகாது.

ஏசி ரூமு, பஞ்சு வராத ஊடு, கைவேலைல ஆசை, மூணும் இருந்தா லூப். நடுவுல சந்து இல்லாத போர்டுல ரெண்டு தடி கார்டு மட்டும் எந்த ஊர்லயும் வேண்டாம். என்ன மாதிரி ஆளுக்கு புளோயர்தான். அதுவும் பஞ்சப் போக்கறதுக்குக் கம்பிரசர்ல ஊதறப்ப ஃபேன வெரல்ல புடிச்சுட்டு ஊதுங்க, சும்மா விட்டா எக்குத்தப்பாச் சுத்தி பேரிங் போயிரும். கேபினெட்டுக்கு முன்னால காத்த இழுக்கற பக்கம் ஃபில்டருக்கு திருப்பூர்ல ஸ்போர்ட்ஸ் பனியன் தைக்கற நெட் துணி கட்பீஸ்தான், ரெண்டு துண்டு வெட்டி வெச்சிருக்கேன், ஒண்ணத் தொவச்சுக் காயப் போட்டா இன்னொண்ண மாட்டிக்கறது, ஆடிக் காத்து அடிக்கறப்ப மட்டும் நாலு நாளைக்கு ஒருக்கா.