யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு வரும் இலவச சுகாதார சேவை: ஒரு மதிப்பீடு

குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவது, சனசமூக நிலையத்தில் நடக்கும் கிளினிக், பிள்ளைகளின் நிறை பார்ப்பது, பிரஷரும் சீனியும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றையும் தாங்கியையும் சோதிப்பது: இவை எல்லாம் சேர்ந்ததுதான் இங்கே மதிப்பிடப்படும் சேவை. நல்லூர், சங்கானை, வேலணை, கரவெட்டி என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

1978இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் நடந்த உலக சுகாதார மாநாட்டில் எழுதப்பட்ட பிரகடனம், சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்குபற்றுவது மக்களின் உரிமையும் கடமையும் என்கிறது. அதில் "திட்டமிடுவது" என்ற பகுதியை வைத்துத்தான் இந்தச் சேவையைப் பார்க்கிறோம். கதிரை அடுக்கவும் விளக்குமாறு பிடிக்கவும் ஊரைக் கூப்பிடுகிறார்கள். எந்த நாள், எந்த இடம், யார் விடுபட்டார்கள் என்று தீர்மானிக்கும் இடத்தில் ஊரைக் காணவில்லை. சேவையின் பலவீனங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

தடுப்பூசி பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசி, ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். என்று ஒழுங்காக நடக்கிறது. இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. ஊரவர் தாமாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பகுதி இது. முழுப் புள்ளி கொடுக்கலாம்.

நிறை பார்க்கும் நாள் அப்படியில்லை. தேவையான சாமான் கொஞ்சம்தான்: தொங்கு தராசு, அதைத் தாங்க உறுதியான வளை, பிள்ளையை இருத்தும் காற்சட்டைப் பை, பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம். இரண்டு வயது வரை மாதம் ஒரு தடவையும், பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். தராசின் முகம் வாசிப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். வெறும் பையைத் தொங்கவிட்டு, முள் பூச்சியத்துக்கு வந்ததா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் முன் பார்க்க வேண்டும். கூட்டம் கூடினால் முதலில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான். அடுத்தது உடுப்பு. ஒன்பது மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் ஒரு பிள்ளை மாதத்துக்கு ஏறும் நிறை சுமார் 250 கிராம். நனைந்த பம்பர்ஸும் தடித்த சட்டையும் அந்த அளவுக்கு நிறுக்கும். போன மாதம் உடுப்பில்லாமல் நிறுத்து இந்த மாதம் உடுப்போடு நிறுத்தால், ஒரு மாத வளர்ச்சி நின்றுபோனது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

புத்தகத்தில் புள்ளி எந்த நிறத்தில் விழுந்தது என்று மட்டும் தாய்மார் பார்க்கிறார்கள். அதைவிடக் கோடு போகும் திசை முக்கியம். நல்ல நிறத்துக்குள் இருக்கும் பிள்ளையின் கோடு இரண்டு மாதம் நிமிராமல் படுத்திருந்தால் அப்போதே கேள்வி கேட்க வேண்டும்: காய்ச்சல், வயிற்றோட்டம் வந்ததா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பாடு, யார் ஊட்டுகிறார்கள், சோற்றில் எண்ணெயோ பருப்போ மீனோ சேர்கிறதா. நிறம் மாறும் வரை காத்திருந்தால் பிள்ளையை மீட்க மாதக்கணக்காகும்.

இதில் ஊரின் பங்கு எங்கே? நிறைக்கு வராத பிள்ளைதான் பெரும்பாலும் பார்க்கப்பட வேண்டிய பிள்ளை. தாய் கூலி வேலைக்குப் போயிருப்பாள், தூக்கி வரப் பேத்தியாருக்கு ஏலாது, அல்லது காய்ச்சல் என்று வீட்டில் படுத்தியிருப்பார்கள். சுமார் மூவாயிரம் பேரைத் தனியாகப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரால் அத்தனை படலையும் அன்றைக்கே தட்ட முடியாது. தாய்மார் ஆதரவுக் குழு உயிரோடு இருக்கும் ஊரில் ஒழுங்கைக்கு ஒருவர் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பார். முதல் நாள் பின்னேரம் சொல்லிவைத்து, அன்று மத்தியானத்துக்குள் வராதவர் யார், ஏன் என்று மிஸ்ஸிக்கு (குடும்பநல உத்தியோகத்தருக்கு) சொல்லிவிடுவார். அதற்குச் செலவாவது ஒரு கொப்பியும் ஒரு மணித்தியாலமும். குழு பெயருக்கு மட்டும் இருக்கும் ஊரில் படம் எடுக்கும் நாளில்தான் அது கூடுகிறது.

நிறை குறைந்த பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவிலும் இதே கதைதான். ஒரு பிள்ளைக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 கிராம். வீட்டில் மூன்று பிள்ளைகள் பங்குபோட்டால் ஒருவருக்கு 17 கிராம்கூட வராது. பிறகு "திரிபோஷா சாப்பிட்டும் ஏறவில்லை" என்று மாவில் குறை சொல்வார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பயறும் உழுந்தும் குரக்கனும் வறுத்து அரைத்த சத்துமா தனியாக இருந்தால் பங்கு போகாது. கிளினிக்கில் நின்று இதைச் சொல்வதைவிட, குழு ஒரு வீட்டுக் குசினியில் கூடிச் செய்து காட்டினால் நன்றாக எடுபடும்.

ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011இல் இலங்கையில் தொடங்கின. 35 வயதைக் கடந்த, ஏற்கனவே நீரிழிவோ பிரஷரோ இருதய வருத்தமோ கண்டுபிடிக்கப்படாத எவரும் போகலாம். உயரம், நிறை, குருதி அமுக்கம், வெறும் வயிற்றுச் சீனி பார்த்து, வயது, ஆணா பெண்ணா என்பது, புகைத்தல் எல்லாம் சேர்த்து அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பை ஒரு நிற அட்டையில் காட்டுவார்கள். தனியார் இடமொன்றில் காசு கொடுத்து முழுப் பரிசோதனை செய்பவர்களுக்குக்கூட இந்த நிற அட்டை விளக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. திட்டமாக இதை மிக உயர்வாக மதிக்கிறோம்.

போகிறவர் கவனிக்க வேண்டியவை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு முதல் பத்து மணித்தியாலம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். சீனி போடாத பால்தேத்தண்ணியும் வேண்டாம். பிரஷர் பார்ப்பதற்கு முன் அரை மணித்தியாலம் புகைத்தல், கோப்பி, தேத்தண்ணி கூடாது. சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். கைப்பட்டியின் அளவும் முக்கியம்: பருத்த கைக்குச் சின்னப் பட்டியைக் கட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒன்று இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டாம் தடவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், அல்லது வெறும் வயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். சீனி 100 முதல் 125 வரை என்பது எச்சரிக்கை. அது "நோர்மல்" என்று வீட்டுக்குப் போக வேண்டாம்.

குறை என்ன? ஆம்பிளைகள் வருவதில்லை. கிழமை நாளில், காலையில், ஆஸ்பத்திரி வளவுக்குள் நடக்கும் சேவைக்கு வலிகாமத்துத் தோட்டக்காரர் இறைப்பை விட்டு வரமாட்டார், வடமராட்சிக் கரையில் வலை தட்டிக்கொண்டிருப்பவரும் வரமாட்டார். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். கடற்றொழிலாளர் சங்கமோ வாசிகசாலையோ கூடிப் பொருத்தமான நாளும் நேரமும் சொல்லிக் கடிதம் கொடுத்தால், நடமாடும் பரிசோதனையாக ஊருக்கே வரச்செய்யலாம். அப்படி வரும் நாளில் ஊர் ஒழுங்கு செய்ய வேண்டியது மறைப்புள்ள அறை, ஆறு கதிரை, மட்டமான மேசை, குடிதண்ணீர், சோதனை முடிந்தவுடன் சாப்பிட ஏதாவது. ஒலிபெருக்கி வேண்டாம். இரைச்சலில் பிரஷர் பார்ப்பது சரிவராது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. துண்டு வாங்கியவர் கிளினிக்குக்குப் போனாரா என்று யாரும் தேடுவதில்லை. போனவரும் இரண்டு மாதம் குளிசை போட்டு, தலைச்சுற்று நின்றதும் விட்டுவிடுகிறார். பிரஷர் குளிசை வருத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. விட்டால் பழையபடி ஏறும். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் ஆள் வெள்ளைச் சட்டைக்காரராக இருக்க வேண்டியதில்லை, அதே வருத்தத்தோடு பத்து வருடம் ஒழுங்காக மருந்தெடுக்கும் பக்கத்து வளவுக்காரர் சொன்னால் அதிகம் எடுபடும்.

டெங்கு ஒழிப்புக்கு வருவோம். மாரி தொடங்கினால் சிரமதானம் என்று அறிவித்தல் வரும். வீதியோரப் புல்லுச் செருக்கி, குப்பை கூட்டி, தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். இதற்கு மிகக் குறைந்த புள்ளிதான் கொடுக்கலாம். டெங்கு நுளம்பு புல்லில் முட்டையிடுவதில்லை. வளவுக்குள் தேங்கும் தண்ணீரில்தான் பெருகுகிறது: சீமெந்துத் தொட்டி, மூடியில்லாத மேல்தாங்கி, பாவிக்காத கிணறு, பீலி, ரயர், கோம்பை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு. உப்புச் செறிந்த கரையோரத் தண்ணீரிலும் இந்த நுளம்பு வளர்வதை யாழ்ப்பாணத்திலேயே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே "எங்கட பக்கம் சவர்த்தண்ணி, பிரச்சினை இல்லை" என்ற நம்பிக்கை பிழை.

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வேலை வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு வளவிலும் நடக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு பெரிய சிரமதானத்தால் எதுவும் ஆகாது. தொட்டியை வெறுமனே கவிழ்த்தாலும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். நீர்மட்டக் கோட்டைத் தும்புத்தடியால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமையாக்க முடியாத தாங்கிக்கு நுளம்பு வலையால் இறுக்கமான மூடி. பாவிக்காத கிணற்றுக்கு மீன் விடலாம், பி.எச்.ஐ.யிடம் கேளுங்கள். பத்துப் பதினைந்து வளவுக்கு இருவர் என்று பிரித்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் சுற்றினால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிக் கிடக்கும் வீடுகளை முதல் வேலையாகப் பட்டியலிட்டு, திறப்பு வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். எங்கள் ஊர்களில் பலமுறை கைநழுவிப்போவது அந்த வளவுகள்தான்.

கிணற்றுக்குக் குளோரின் இடுவதிலும் கணக்கு தேவை. மூன்று மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 14,000 லீற்றர் இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரின் என்று எடுத்தால் 70 கிராம் தேவை. 70 வீதச் செறிவுள்ள தூளானால் 100 கிராம். தூளை வாளித் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியை ஏற்றி இறக்கிக் கலக்க வேண்டும். குறைந்தது அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும், இரவு ஊற்றிக் காலையில் பாவிப்பது இன்னும் நல்லது. திறந்து வைத்த பழைய தூள் வலுவிழந்திருக்கும். கைப்பிடிக் கணக்கில் போட்டு மணத்தால் சனம் வெறுத்துப்போவதும், வலுவில்லாத தூளைப் போட்டுக் கிருமி மிஞ்சுவதும் இதனால்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடாநாடு சுண்ணக்கல் நிலம். தோட்டப் பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் நிலத்தடித் தண்ணீருக்கு விரைவாக இறங்குகின்றன. அதனால் ஏறும் நைத்திரேற்றைக் குளோரின் நீக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலுள்ள தண்ணீரில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மாப்பால் கரைக்கக் கூடாது. குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீற்றர் என்ற வழமையான விதி இந்த நிலத்துக்குப் போதுமான காவல் இல்லை. எந்தக் கிணற்றை முதலில் சோதிப்பது என்று ஊர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கிணற்றில் எத்தனை வீட்டார் அள்ளுகிறார்கள் என்பது ஊருக்குத்தான் தெரியும்.

கடைசியாகக் குழுக்கள். மூளாயில் 1930களிலேயே ஊரவர் கூட்டுறவு முறையில் ஆஸ்பத்திரி நடத்தத் தொடங்கிய மண் இது. இன்றைய வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் பெரும்பாலும் மின்விசிறி, கதிரை, மதில், அன்பளிப்புப் பலகை என்பதோடு நிற்கின்றன. கூட்டம் கிழமை நாள் காலை பத்து மணிக்கு. ஓய்வூதியர் வருவார், கூலிக்காரர் வரமாட்டார். கிளினிக் நடக்கும் மண்டபத்தையும் யோசிக்க வேண்டும். ஒரு பகுதியாரின் சனசமூக நிலையத்துக்கு மற்றப் பகுதியார் கால்வைக்கத் தயங்கும் ஊர்கள் இன்னும் உள்ளன. சாதியைப் பற்றிப் பேசாமல் "வருகை குறைவு" என்று பதிவதால் அந்தப் பிள்ளைகளின் நிறை ஏறாது. இடத்தை மாதம் மாற்றி மாதம் மாற்றுவது, அல்லது இரு பகுதிக்கும் பொதுவான பள்ளிக்கூடத்தைக் கேட்பது செய்யக்கூடிய வேலை.

பட்டியல் வைத்திருக்கும் தொண்டர்களுக்கு ஒரு கட்டுப்பாடு தேவை. கொப்பியில் பெயர், ஒழுங்கை, அடுத்த திகதி மட்டும். வருத்தத்தின் பெயர், கர்ப்பம், நிறை எதுவும் வேண்டாம். அவை மிஸ்ஸியின் பதிவில் இருக்கட்டும். ஒரு வீட்டின் கதை கோயில் வீதிக்கு வந்தால் அந்த ஒழுங்கையில் அடுத்த படலை திறக்காது.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் எம்.ஓ.எச்.சிடமோ மிஸ்ஸியிடமோ மூன்று விடயம் கேளுங்கள்: போன மூன்று மாதத்தில் நிறைக்கு வராத பிள்ளைகள் எந்த ஒழுங்கைகளில் கூட, ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு வந்தவர்களில் ஆம்பிளைகள் எத்தனை பேர், நுளம்புக் குடம்பி கண்ட இடங்களில் எது அதிகம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.