மாசி வீதிச் சந்தில் ஒரு பைண்டிங் கடை

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பைண்டிங் கடையில், என்னிடம் எஞ்சியிருந்த 47 சிறுவர் இதழ்களைக் கொடுத்து நான்கு தொகுதிகளாகக் கட்டி வாங்கினேன். பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் கடையை நம்பிப் போகலாமா என்று கேட்டால், ஒரு நிபந்தனையோடு போகலாம் என்பேன். அந்த நிபந்தனை எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது.

கொண்டுபோன இதழ்களில் 32 ராணி காமிக்ஸ், 11 லயனும் முத்துவும் கலந்தவை, மீதி நான்கு பூந்தளிர். 1984 ஜூலையில் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்டை முன்னிறுத்தி வந்தது. அதே மாதத்தில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் மாடஸ்டியை முதல் இதழின் நாயகியாக்கிக்கொண்டு வந்தது. அப்போது பத்து வயதிலிருந்த எனக்கும் பதினான்கு வயதிலிருந்த அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு செலவுகள் முளைத்தன. முத்து காமிக்ஸ் எங்களுக்கு மூத்தது. 1972இல் தொடங்கிய அதன் முதல் இதழின் நாயகனான இரும்புக்கை மாயாவி எங்கள் கைக்கு வந்ததெல்லாம் பழைய புத்தகக் கடை வழியாகத்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்த மனிதரை நம்பி, அண்ணன் ஒருமுறை அம்மாவின் இஸ்திரிப்பெட்டி வயரைத் தொட்டுப் பார்க்கப் போய் முதுகில் வாங்கிக்கொண்டான்.

நாற்பது ஆண்டுகளில் அந்தத் தாள்கள் அப்பளம்போல் ஆகியிருந்தன. நியூஸ்பிரிண்ட் என்பது மரக்கூழில் மலிவாகச் செய்த தாள். தன்னிலுள்ள அமிலத்தாலேயே மஞ்சளாகி, ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கும். இது போதாதென்று நடுவில் அடித்திருந்த பின்கள் துருப்பிடித்து, சுற்றியிருந்த தாளையும் பழுப்பாக அரித்திருந்தன. சிறுவயதில் நாங்கள் பாசத்தோடு ஒட்டிய செல்லோடேப் வறண்டு கழன்றுபோக, அதன் பசை மட்டும் தேன் நிறத்தில் எழுத்துகளின் மேல் ஊறிக் கிடந்தது. முதலில் போன வேறு ஒரு கடையில் ஓர் இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதுகை வெட்டியெறிந்து சூடான பசையில் ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்தச் சந்துக் கடையில் இருப்பவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அவர் என் கட்டை அவிழ்த்ததும் விலை பேசவில்லை. மூக்குக் குறடு ஒன்றை எடுத்து ஓர் இதழின் துருப்பின்னை மெல்ல நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவிக் காட்டினார். “எல்லாத்துக்கும் இப்படித்தான் எடுக்கணும் தம்பி, நேரமாகும், அவசரப்படாதீங்க” என்றார். “லேமினேட் பண்ணித் தர முடியுமாண்ணே?” என்று கேட்டேன். “பண்ணினா அதுக்கப்புறம் அது புஸ்தகம் இல்ல, ரேஷன் கார்டு” என்று முடித்துக்கொண்டார்.

அவருடைய வேலையில் நான் மிகவும் மதிப்பது தையலைத்தான். நடுவில் பின் அடித்த இதழ் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு மடிப்பு என்பதால், அதன் நடு மடிப்பின் வழியாகவே ஊசியை விட்டு, அடுத்த இதழோடு நூலைப் பிணைத்துக்கொண்டே போகலாம். பெரும்பாலான கடைகளில் இந்தப் பாடு படுவதில்லை. எல்லா இதழ்களையும் அடுக்கி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே துளையிட்டுப் பக்கவாட்டில் தைத்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத்துக்கு அது போதும். காமிக்ஸில் கட்டங்கள் தாளின் உள்விளிம்பு வரை நெருங்கி வருவதால், அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு வில்லனின் முகமோ பேச்சுக்குமிழின் பாதியோ புதைந்துபோகும். புத்தகத்தைப் பிளந்து பிளந்து படிக்கவேண்டிவரும். இவரோ பின் எடுத்த பழைய துளைகளிலேயே மெழுகு தடவிய நூலைக் கொண்டுபோயிருக்கிறார். ராணி காமிக்ஸ் தொகுதி இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்தால் கையெடுத்த பின்னும் மூடிக்கொள்ளாமல் மல்லாந்து கிடக்கின்றன. உதிர்ந்த முதுகு மடிப்புகளுக்கு மெல்லிய தாள் நாடா ஒட்டியிருக்கிறார். பூச்சி அண்டாதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார். புத்தகத்தைத் திறந்ததும் ஒரு நெடி அடிக்கிறது, ஒரு வாரத்தில் போய்விடும். கெட்டி அட்டையும் கரும்பச்சைக் காலிகோத் துணியும் உறுதியானவை. முதுகில் பொன்னெழுத்து பொறிக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

பூந்தளிர் மற்றவற்றைவிட அகன்ற இதழ் என்பதால், அந்த நான்கையும் தனியாக மெல்லிய தொகுதியாக்குவதே முறை என்று அவரே முடிவுசெய்தார். அதன் கதை நாயகர்களான சுப்பாண்டியையும் கபீஷையும் ஜேம்ஸ்பாண்டின் அளவுக்கு வெட்டிக் குறுக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லவேண்டும்.

இனிக் குறைக்கு வருகிறேன். அண்ணனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் பார்த்த படத்தின் பெயர், தியேட்டர், எந்த ஆட்டம் என்பதையெல்லாம் அந்த நேரத்தில் கையிலிருக்கும் இதழின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பான். ‘தங்கம், மேட்னி’ என்று இரண்டு இதழ்களில் இருக்கிறது. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த அந்தப் பிரம்மாண்டமான கொட்டகை இன்று இல்லை. இன்னொன்றில், கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் கௌபாயாகக் குதிரையேறிய ‘கங்கா’வை மறுவெளியீட்டில் பார்த்துவிட்டு வந்து, ‘சண்டை நல்லா இருக்கு, பாட்டு அதிகம்’ என்று எழுதியிருந்தான். அந்தப் படம் வந்ததும் 1972தான், முத்து காமிக்ஸ் பிறந்த அதே ஆண்டு. எங்களைப் பொறுத்தவரை கொட்டகையில் பார்த்த துப்பாக்கிக்கும் தாளில் பார்த்த துப்பாக்கிக்கும் வேறுபாடு கிடையாது. அண்ணனும் அதனால்தான் ஒன்றின் கணக்கை மற்றதில் எழுதினான் என்று நினைக்கிறேன்.

தையல் முடிந்ததும் தொகுதியின் மூன்று பக்கங்களையும் கட்டிங் மெஷினில் கொடுத்து ஓரம் சமன்செய்வது பைண்டிங்கில் வழக்கம். அதை அவர் வழக்கப்படியே செய்திருக்கிறார். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போயிருக்காது, படக்கட்டங்கள் எதற்கும் சேதமில்லை, பார்வைக்கும் சீராக இருக்கிறது. ஆனால் ‘கங்கா’ குறிப்பில் இப்போது ‘சண்டை நல்லா இரு’ வரைதான் இருக்கிறது. பாட்டைப் பற்றிய வரி முழுதும் போய்விட்டது. ஓரத்தில் எழுத்து இருப்பதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒவ்வோர் இதழையும் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தைத்தவர் கண்ணில் அது படாமலிருந்திருக்காது என்பது என் மனத்தாங்கல். சொன்னபோது புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார், வெட்டுத் துண்டுகள் போடும் சாக்கை அவிழ்த்துக் கொஞ்ச நேரம் கிளறினார், பிறகு பூந்தளிர் தொகுதிக்கு உரிய காசை வாங்க மறுத்தார். நான் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பெரிய தொகுதிகள் மூன்றுக்கும் தலா 260 ரூபாய், பூந்தளிருக்கு 180 ரூபாய், ஆக 960 ரூபாய். இருபது நாள் என்று சொல்லி முப்பத்தாறாம் நாள் தந்தார். நடுவில் முகூர்த்தப் பத்திரிகை வேலை வந்துவிட்டதாம். தொலைபேசியில் கேட்டால் சரியான விவரம் கிடைக்காது, நேரில்தான் போகவேண்டும். காலையில் பதினொரு மணிக்கு முன் கடை திறப்பதில்லை.

இந்தக் கதைகள் பலவும் இன்று நல்ல தாளில் மறுபதிப்பாகக் கிடைக்கும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று மனைவி கேட்டாள். கதை படிக்க மட்டும் என்றால் மறுபதிப்பை வாங்குவதே புத்திசாலித்தனம், வெள்ளைத் தாளில் எழுத்தும் தெளிவாக இருக்கும். அதில் அண்ணனின் கையெழுத்து இருக்காது, அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து சென்ற வாரம் இன்னும் 19 இதழ்கள் கிடைத்தன; அவற்றையும் இதே கடையில்தான் கொடுத்திருக்கிறேன். இம்முறை ஒவ்வொன்றின் அட்டையிலும் ‘ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று துண்டுச்சீட்டு செருகியிருந்தேன். அவர் அவற்றையெல்லாம் உருவி என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, சிவப்புச் சாக்குக்கட்டியை எடுத்துக் கட்டிங் மெஷினின் பலகையிலேயே எழுதிக்கொண்டார்.