மகளிர் சுகாதார வளாகமா, வீட்டுக் கழிப்பறையா?

2000-களின் தொடக்கத்தில் தமிழக ஊராட்சிகளில் மகளிர் சுகாதார வளாகங்கள் வந்தன. கழிப்பறை, குளியலறை, துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே மதிலுக்குள். வீட்டில் இடமில்லாத பெண்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் மோட்டார் பழுதானால் அன்றோடு சரி. பூட்டுத் தொங்கும், மறுபடி கருவேலங்காடு.

2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக்கே கழிப்பறை கொண்டுவந்தது. ஊக்கத்தொகை 12,000 ரூபாய். இரட்டைக் குழி முறையில் ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டால் முதலாவது மெல்ல மட்கி எருவாகும்.

வித்தியாசம் தெரிவது இரவில்தான். வளாகத்துக்குப் போக டார்ச் வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இதை நினைத்தே சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காத பெண்கள் உண்டு. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, அப்புறம் சிறுநீர்த் தொற்று. மாதவிலக்கு நாட்களில் இன்னும் பாடு. வீட்டில் என்றால் நாலு எட்டு.

என் ஓட்டு வீட்டுக்கே. ஆனால் தாழ்ப்பாள் இல்லாமல், உள்ளே விறகு அடுக்கியிருக்கும் கழிப்பறையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு விஷயத்தில் வளாகம் ஜெயிக்கிறது: சில இடங்களில் நாப்கின் எரிக்கும் அடுப்பு உண்டு. பல வீடுகளில் அதைப் பேப்பரில் சுற்றி எங்கே போடுவது என்பதே தலைவலி.