கைக் கட்டிக்கு முதலில் சோனோகிராபியா, எம்ஆர்ஐயா?

தாராவியில் தோல் பை தைக்கிற என் சித்திக்கு, ஆள்காட்டி விரலின் உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. ஊசி பிடிக்கும்போது இடித்ததால்தான் டாக்டரிடம் காட்டச் சம்மதித்தார். "நேரா எம்ஆர்ஐ எடுத்துடுங்க, எல்லாம் தெரிஞ்சுடும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். நான் முதலில் ஒலியலையால் உள்ளே பார்க்கும் சோனோகிராபிக்குத்தான் கூட்டிப்போனேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கையில் வரும் கட்டிகளில் அதிகம் நீர்க்கட்டிதான், கேங்க்லியான் என்பார்கள். பெரும்பாலும் மணிக்கட்டின் மேற்புறம் உருண்டையாக எழும்பும். இருட்டில் டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. உள்ளே நீரா சதையா என்பதை சோனோகிராபி சில நிமிடத்தில் காட்டிவிடும்.

சித்திக்கு அது சதை. ஜெல் தடவிக் கருவியை வைத்த டாக்டர், "விரலை மெதுவா மடக்குங்கம்மா, நீட்டுங்க" என்றார். திரையில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வழுக்கி ஓடியது. கட்டி இருந்த இடத்திலேயே நின்றது. நாணில் இல்லை, அதன் உறையைப் பற்றி வளர்கிறது என்று அப்போதே பிடிபட்டது. அதே கருவியின் டாப்ளர் முறையில் கட்டிக்குள் ரத்த ஓட்டமும் தெரிந்தது. கையை அசைக்காமல் எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐயில் நாண் இப்படி வழுக்கி ஓடுவதைப் பார்க்க முடியாது.

ஆனால் சதைக்கட்டி என்று தெரிந்தபின் எம்ஆர்ஐக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. எவ்வளவு ஆழம், நரம்பையும் ரத்தக்குழாயையும் தொடுகிறதா என்று அறுவை செய்பவருக்கு வழி காட்டுவது அதுதான். சித்தியின் படத்தில் கட்டி கறுத்திருந்தது. பழைய ரத்தக்கசிவின் இரும்பு படிந்தால் அப்படித் தெரியும்; தசைநாண் உறையில் வரும் ஜயன்ட் செல் கட்டிக்கு அது முக்கிய அடையாளம்.

நகத்தடி வலி மட்டும் தனிக் கதை. ஐஸ் தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது, பென்சில் முனையால் ஒரே இடத்தில் தொட்டால் துடிக்கிறது என்றால் குளோமஸ் கட்டியோ என்று சந்தேகிக்க வேண்டும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், சோனோகிராபியில் தவறலாம். அங்கே என் ஓட்டு எம்ஆர்ஐக்கே.

எக்ஸ்ரே சதையைச் சரியாகக் காட்டாது. எலும்பு அரித்திருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க உதவும்.

படமே எடுக்காமல் "சின்னக் கட்டிதானே" என்று கீறிவிடுவதுதான் எனக்குப் பயம். கையில் சார்கோமா என்ற புற்றுநோய் அபூர்வம். ஆனால் வலியில்லாமல், சிறிதாகவே வரலாம். கீறியபின் தெரிந்தால் மறுபடி பெரிதாக அறுக்க வேண்டிவரும்.

சித்தியின் திசுப் பரிசோதனையும் ஜயன்ட் செல் என்றே வந்தது. புற்றுநோய் இல்லை. திரும்ப வரக்கூடியது என்பதால் அடுத்த சோனோகிராபிக்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம்.