வேரைப் பிடித்து ஆங்கிலச் சொல் கற்றல்: ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ மதிப்புரை

வங்கித் தேர்வுக்கும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளுக்கும் படிக்கும் இளைஞர்களின் அறைகளில் தவறாமல் காணப்படும் புத்தகம், நார்மன் லூயிஸ் எழுதி 1949இல் வெளிவந்த ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் உள்ள ஒரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அதை வாங்கிப் பாதியில் கைவிட்ட நான், பல ஆண்டுகள் கழித்து, பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டி மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் படித்து முடித்தேன். அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்ட இந்நூல், தமிழ்வழியில் படித்தவருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே இங்கே எனக்கு முக்கியமான கேள்வி.

இந்நூலில் சொற்கள் அகர வரிசையில் அடுக்கப்படவில்லை. மனித இயல்புகள், மருத்துவர்கள், பொய்யர்கள், பேச்சுப் பழக்கம் என்று ஒவ்வொரு இயலும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஒரு கைப்பிடிச் சொற்களை அறிமுகப்படுத்தி, பிறகு அவற்றின் கிரேக்க, லத்தீன் வேர்களைப் பிரித்துக் காட்டி, அதே வேரிலிருந்து கிளைத்த வேறு சொற்களுக்கு அழைத்துச் செல்கிறது. இடையிடையே கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்கிறது, வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. முதல் முறை நான் தோற்றதற்குக் காரணம், எழுதாமல் வெறுமனே வாசித்ததுதான்.

இந்த முறை நமக்குப் புதியதன்று. பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவரும் ‘வந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பிரித்தவர்களே. ‘வா’ என்ற பகுதி ‘வ’ எனக் குறுகுவது விகாரம் என்று பழகியவருக்கு, ‘இன்காரிஜிபிள்’ என்ற சொல்லில் நேராக்குதல் என்ற பொருளுடைய ‘ரெக்’ என்ற லத்தீன் வேர் ‘ரிக்’ என்று திரிந்ததும், ‘கான்’ என்ற முன்னொட்டின் இறுதி மெய் அடுத்து வரும் ஒலிக்கு இணங்கி ‘கார்’ ஆனதும் விளங்காத புதிர் ஆகாது. நேராக்கவே முடியாதவன், அதாவது திருத்த முடியாதவன், என்று பொருள் தானாக விரிகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை நூல் நமக்காகச் சொல்லப் போவதில்லை. தமிழில் பகுதி எப்போதும் முதலில் நிற்கும், ஒட்டுகள் எல்லாம் பின்னால் வரும். லத்தீன் வழிச் சொற்களிலோ வேர் பெரும்பாலும் நடுவில் ஒளிந்திருக்கும். முதல் எழுத்திலேயே வேரைத் தேடும் நம் கண்ணைச் சற்று உள்ளே பார்க்கப் பழக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

நூலின் மிகச் சிறந்த பகுதி என்று பேச்சுப் பழக்கம் பற்றிய இயலைச் சொல்வேன். ‘லக்கானிக்’ என்றால் சுருங்கப் பேசுகிற என்று பொருள். ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் அது. உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் அடியோடு அழித்துவிடுவேன் என்று மிரட்டிய மாசிடோனிய மன்னன் பிலிப்புக்கு, ஸ்பார்ட்டாக்காரர்கள் ‘இஃப்’ என்ற ஒரே சொல்லைப் பதிலாக அனுப்பினார்கள் என்பது பழைய கதை. தமிழில் நிபந்தனை வினையோடு ஒட்டி வருவதால் அந்த ஒற்றைச் சொல் நமக்கு வாய்க்காது, ‘நுழைந்தால்தானே’ என்றுதான் சொல்லியாக வேண்டும். அதே இயலில் வரும் ‘லோக்வேஷியஸ்’ (ஓயாமல் பேசுகிற) என்ற சொல்லுக்கு நான் வைத்துக்கொண்ட நினைவுக் கொக்கி ‘லொடலொட’. வேருக்கும் அதற்கும் உறவில்லை, ஆனால் சொல் மறக்கவில்லை. தெரிந்த மொழியின் ஒலியோடு புதிய சொல்லை முடிச்சுப்போடும் இந்த உத்தியை, ஆட்கின்சன், ராஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் ரஷ்யச் சொற்களைக் கொண்டு சோதித்துப் பயனுண்டு என்று காட்டியிருக்கிறார்கள்.

கொக்கிகள் கடன் வாங்கினால் வேலை செய்வதில்லை. வெறுத்தலைக் குறிக்கும் கிரேக்க ‘மிசோ’வை நினைவில் வைக்க, விசாரணையின்றிச் சிறைவைக்க இடம் தந்து, 1971இல் வந்து 1977இல் நீக்கப்பட்ட மிசா சட்டத்தை அண்ணன் மகளிடம் சொன்னேன். அவளுக்கு மிசாவே தெரியவில்லை. “எனக்குக் கணக்கு மிஸ்ஸைப் பிடிக்காது சித்தப்பா, அது போதும்,” என்றாள். மனித இனத்தை வெறுப்பவர், பெண்களை வெறுப்பவர், திருமணத்தை வெறுப்பவர் என்ற மூன்று சொற்களும் அன்றே அவள் வசமாயின. மறுநாள் ‘மிஸ்டேக்’ என்பதிலும் வெறுப்பு இருக்கிறதா என்று கேட்டாள். அது ஜெர்மானிய வழி வந்த, தவறு என்று பொருள்படும் வேறு ஒட்டு. உருவம் ஒத்திருப்பதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது.

மருத்துவர் இயல் நம்மவருக்கு எளிது, ஏனெனில் வேர்ச்சொற்களில் பாதி நம் ஊர் மருத்துவமனைப் பலகைகளிலேயே இருக்கின்றன. ஆர்த்தோ என்றால் நேர், ‘பைடோஸ்’ என்றால் குழந்தை. பிள்ளைகளின் உடற்கோணலை நேராக்கும் கலைக்காக நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் உருவாக்கிய ‘ஆர்த்தோபீடிக்’ என்ற பெயரை நம்பித்தான் இன்று பாட்டிமார்கள் முட்டிவலிக்கு வரிசையில் காத்திருக்கிறார்கள். ‘பெடிக்யூர்’ என்பதில் உள்ள ‘பெட்’ லத்தீனில் பாதம். குழந்தையைக் குறிக்கும் ‘பைடோஸ்’ என்பதையும் பாதத்தைக் குறிக்கும் இந்தப் ‘பெட்’ என்பதையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

குறைகளும் உண்டு. மனநலம் பற்றிய பக்கங்களில் ஃபிராய்டின் கருத்துகள் முடிந்த முடிபுபோல வருகின்றன, அவற்றைச் சொல்லுக்காக மட்டும் படித்துவிட்டு நகர்வது நல்லது. எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் அமெரிக்க முறையில் இருப்பதால், பிரிட்டிஷ் முறையை எதிர்பார்க்கும் தேர்வுகளில் எழுதுவோர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேரை மட்டுமே நம்பினாலும் சறுக்கும். ‘எக்ரீஜியஸ்’ என்ற சொல்லின் வேர்ப்பொருள் மந்தையிலிருந்து தனித்து நிற்பது. ஒரு காலத்தில் சிறப்பைச் சுட்டிய அது, இன்று படுமோசமானதைச் சுட்டுகிறது. வேர் பொருளின் வாசலில் கொண்டு விடும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை நல்ல வாக்கியங்களில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் நடைபாதைப் பிரதியில் உச்சரிப்புக் குறிகள் மை கலங்கிப் படிக்க முடியாதபடி இருந்தன. முன்பு வைத்திருந்தவர் பயிற்சி விடைகளைப் பேனாவால் நிரப்பியும் இருந்தார், அவற்றில் பல தவறு. இந்தப் புத்தகத்தை மட்டும் புதிதாக வாங்கி, பென்சிலால் எழுதுங்கள்.