தேரியா, தெருவா?

கிளப்பின் முதல் ஓரியண்டியரிங் போட்டியை, அதாவது வரைபடத்தைப் பார்த்துக் கொடிகளைத் தேடி ஓடும் போட்டியை, பாளையங்கோட்டைத் தெருக்களில் வைக்கலாமா, செம்மணல் மேடுகள் நிறைந்த குதிரைமொழித் தேரியிலா?

தெரு ஓட்டத்துக்கு 1:4000 வரைபடம். வேகமாக ஓடுபவர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஞாயிறு விடியற்காலையே தொடங்காவிட்டால் ஆட்டோவும் பைக்கும் மறிக்கும். புதியவர்களுக்கு இது போதும்.

தேரி வேறு கதை. செம்மணலில் கால் புதையும். எங்கு திரும்பினாலும் பனை, முந்திரி, உடைமரம். அடையாளம் வைக்க ஒன்றும் சிக்காது. திசைகாட்டியைப் பிடித்து, காலடியை எண்ணித்தான் ஆரஞ்சு வெள்ளைக் கொடியைத் தேட வேண்டும். ஆடிக் காற்று மணலை அள்ளிப்போட்டு மேட்டையே மாற்றிவிடும். போன வருஷத்து வரைபடத்தில் மேடு பள்ளம் காட்டும் சமவுயரக் கோடுகளை அப்படியே நம்பினால் அவ்வளவுதான். தை, மாசி என்றால் வெயிலும் தாங்கும். வனத்துறை அனுமதிக்கு முன்கூட்டியே அலைய வேண்டும்.

என் ஓட்டு தேரிக்குத்தான். பக்கத்திலேயே உடன்குடி, கருப்பட்டிக் காப்பிக்குப் பஞ்சமில்லை.